நன்கொடைப் போர்வைக்குக் குரோஷே ஓரம்: டிசைனுக்கு முன்னால் முதல் சுற்றைக் கவனியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: உங்கள் குழுவுக்கு ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும் செயற்கைத் துணி) துணியில் வெட்டிய போர்வைகள் வந்திருக்கின்றன, அவை குழந்தைகளுக்கு நன்கொடையாகப் போகின்றன, ஓரத்துக்குக் குரோஷே (கொக்கி ஊசியால் போடும் நூல் பின்னல்) போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குச் செயின், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே என்ற மூன்று அடிப்படைத் தையல்கள்தான் தெரியும், அதனால் எளிமையான டிசைன் வேண்டும். கடைசியாக, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஊசி துணியில் இறங்கவே மாட்டேன் என்கிறது, முன்பு ஒன்றுக்குப் போட்ட ஓரம் அலை அலையாக எழும்பி நின்றது. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. ஓரம் தட்டையாகப் படிய வேண்டும், யாரோ ஒருவர் வீட்டில் பலமுறை துவைத்த பிறகும் பிரியாமல் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்றுதான் பதில் சொல்லப்போகிறேன். டிசைனும் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

பல வருடங்களாக இப்படிப்பட்ட போர்வைகளுக்கு ஓரம் போட்டும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். பழுதாகிக் கைக்கு வந்த ஓரங்களில் டிசைன் சரியில்லாமல் கெட்டுப்போனது என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. நூல் முனை வெளியே வந்திருக்கும், துளை விளிம்பு வரை கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் மூலை கிண்ணம்போல் குழிந்திருக்கும். நம் வீட்டுப் போர்வையில் ஒரு கண் (ஒரு குரோஷே தையல்) பிரிந்தால் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். நன்கொடையாகப் போனது போனதுதான். அதை வாங்கிக்கொள்கிறவரிடம் கொக்கி ஊசியும் இருக்காது, அதே நூலும் இருக்காது. அதனால் இந்த வேலையில் துணியோடு சேரும் முதல் சுற்றுக்கும் நூல் முனைகளுக்கும் கொடுக்கிற கவனத்தில் பாதியை டிசைனுக்குக் கொடுத்தால் போதும்.

ஃப்ளீஸ் நெய்த துணி இல்லை, பின்னப்பட்ட துணி. ஆகவே வெட்டிய ஓரத்தில் பிசிறு வராது, மடித்துத் தைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அது இழுபடும். நீளவாக்கில் குறைவாகவும் அகலவாக்கில் அதிகமாகவும் இழுபடும். ஒரே போர்வையில் இரண்டு பக்கம் நன்றாகப் படிந்து மற்ற இரண்டு பக்கம் அலையடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தப் பக்கங்களில் கை தன்னையறியாமல் துணியை இழுத்துக்கொண்டே போயிருக்கும். துணியை மடியில் தொங்கவிடாமல் மேசைமேல் கிடத்தி வேலை செய்தாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். துணியின் கரைப் பகுதி, அதாவது ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் விறைப்பான ஓரம், இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். அது துணியின் மற்ற பகுதியைப்போல் இழுபடாது, சில துணிகளில் அதில் சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கும்.

சாதாரணக் கொக்கி ஊசியின் தலை மழுங்கலாக இருக்கும். அதை வைத்து ஃப்ளீஸைக் குத்தினால் கைதான் வலிக்கும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, விட்டுவிட்டு வெட்டும் பற்கள் உள்ள ரோட்டரி பிளேடு, அதாவது சக்கரம்போல் உருண்டு வெட்டும் பிளேடு. ஓரத்துக்கு இணையாக ஓட்டிக்கொண்டு போனால் சம இடைவெளியில் சின்ன வெட்டுகள் விழும். நிறையப் போர்வைகளை அடுத்தடுத்து முடிக்க வேண்டிய குழுவுக்கு இதுதான் வேகம். இரண்டு, குத்தூசியால் துளை போட்டு, மெல்லிய எஃகுக் கொக்கியால் நூலை இழுப்பது. மூன்று, பெரிய கண் உள்ள கூர்மையான தையல் ஊசியில் அதே நூலைக் கோத்து, ஓரம் முழுக்கப் போர்வைத் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்: ஒவ்வொரு குத்திலும் நூல் விளிம்பைச் சுற்றி வந்து, விளிம்பின்மேல் ஒரு கோடுபோல் ஓடும் தையல்) போட்டுவிட்டு, அந்தத் தையலின் மேல்நூலில் குரோஷே போடுவது. துணியை நேரில் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டுமென்றால், புதியவருக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். தையல் ஊசி எந்த ஃப்ளீஸிலும் இறங்கும். குரோஷே போடும்போது துணியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தையல் பிடிக்கவில்லை என்றால் பிரித்து மறுபடி போடலாம். பிளேடால் விழுந்த வெட்டை அப்படிப் பிரிக்க முடியாது.

எந்த வழியானாலும் ஓரத்திலிருந்து சுமார் 8 மி.மீ. உள்ளே குத்துங்கள். 5 மி.மீ.க்குக் கீழே போனால் மெல்லிய ஃப்ளீஸ் கிழிய வாய்ப்பு உண்டு. 1 செ.மீ.க்கு மேலே போனால் நூல் துணியை அமுக்கி ஓரத்தை உருட்டிவிடும். சுண்ணக்கட்டியாலோ துவைத்தால் அழிகிற மார்க்கராலோ ஒரு கோடு போட்டுக்கொள்வது கண்ணை நம்புவதைவிட நல்லது. பார்வைக்கு நேராகத் தெரிகிற தையல், குரோஷே ஏறியதும் மேடும் பள்ளமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அலையடிக்கிற பிரச்சினைக்கு வருகிறேன். காரணம் சாதாரணக் கணக்குதான். உங்கள் நூலிலும் ஊசியிலும் 10 செ.மீ. நீளத்துக்கு எத்தனை சிங்கிள் குரோஷே வருகிறது என்று ஒரு சின்னத் துண்டு போட்டு எண்ணிப் பாருங்கள். நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய டிகே நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் 16 முதல் 18 வரை வரும், அதாவது ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. ஆகத் துளைகளுக்கு நடுவே 6 மி.மீ. இருந்தால் துளைக்கு ஒரு கண், 12 மி.மீ. இருந்தால் துளைக்கு இரண்டு கண். இதைவிட நெருக்கமாகக் கண்களைத் திணித்தால் ஓரம் துணியைவிட நீளமாகிவிடும், போக இடமில்லாமல் அலையாக எழும்பும். குறைவாகப் போட்டால் துணியைச் சுருக்கி இழுத்துப் பிடிக்கும். 90 செ.மீ. சதுரப் போர்வையின் சுற்றளவு 360 செ.மீ. 6 மி.மீ. இடைவெளியில் 600 துளைகள் போட வேண்டும், 12 மி.மீ. இடைவெளியில் 300 போதும். துளை போடுவதுதான் இந்த வேலையிலேயே சலிப்பான பகுதி என்பதால் எப்போதும் 12 மி.மீ. இடைவெளியையே தேர்ந்தெடுக்கிறேன். துளைகளில் நேராகப் போடுகிறீர்கள் என்றால், ஒரே துளையில் இரண்டு சிங்கிள் போடுவதைவிட ஒரு சிங்கிள், ஒரு செயின், அடுத்த துளையில் ஒரு சிங்கிள் என்று போனால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். போர்வைத் தையலின் மேல்நூலில் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு சிங்கிள் தாராளமாக உட்காரும்.

இந்த எண்கள் தொடங்குவதற்கு உதவும், முடிவானவை இல்லை. ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு, துணியின் தடிமன் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மாற்றிவிடும். ஆகவே ஒரு சாண் நீளம் போட்டதும் நிறுத்தி, மேசையில் வைத்து, கையால் நீவாமல் பாருங்கள். அலையடித்தால் அரை மி.மீ. சின்ன ஊசிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் நாலைந்து துளைக்கு ஒருமுறை ஒரு கண்ணைக் குறையுங்கள். இழுத்துப் பிடித்தால் நேர்மாறாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் இருக்கிற அலை அடுத்த சுற்றில் தானாக அடங்கிவிடும் என்று நம்பி மேலே போகாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது பெருகத்தான் செய்யும்.

துளையில் நேரடியாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: நூலைத் துளை வழியாக இழுத்ததும் அந்த வளையத்தைத் துணியின் விளிம்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, அதற்கப்புறம் கண்ணை முடியுங்கள். பழக்கத்தில் வளையத்தை ஊசியோடு இறுக்கிவிட்டால் விளிம்பு நசுங்கி உள்ளே மடங்கும். இந்த ஒரு அசைவு கைக்கு வந்துவிட்டால் முதல் சுற்று பாதி வெற்றி.

மூலைகளில் இரண்டு வழி உண்டு. கூர்மையான மூலையாகவே விட்டால் மூலைத் துளையில் மூன்று சிங்கிள் போடுங்கள். அடுத்த சுற்றில் அந்த மூன்றில் நடுக்கண்ணில் மறுபடி மூன்று. எத்தனை சுற்று போட்டாலும் இதே விதி. மூலையைக் குழிய வைப்பது இந்த நடுக்கண்ணைத் தவறவிடுவதுதான். அதில் ஓர் அடையாள வளையமோ வேறு நிற நூல் துண்டோ கோத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது. இன்னொரு வழி, வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து மூலைகளை வளைவாக வெட்டிவிடுவது. புதியவர்களுக்கு இதைத்தான் அதிகம் சொல்வேன். ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு இரண்டு மூன்று கண்களைப் பரவலாகக் கூட்டினால் போதும். நான்கு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் என்பதால், வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் கூட்ட வேண்டிய அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, டிசைன். சிங்கிள் குரோஷே மூன்று சுற்று, ஒவ்வொன்றும் வேறு நிறத்தில். இதை டிசைனே இல்லை என்று நினைக்காதீர்கள். துணியில் இருக்கிற ஒரு நிறத்தை எடுத்து நடுச்சுற்றுக்கு வைத்தால் கடையில் வாங்கியது போல இருக்கும். அடுத்தது நண்டுத் தையல். சிங்கிள் குரோஷேதான், திசை மட்டும் மாறுகிறது: வலது கைக்காரர்கள் வழக்கமாக வலமிருந்து இடமாகப் போவார்கள், இதில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். முதல் சில கண்களில் கை முரண்டுபிடிக்கும், அப்புறம் பழகிவிடும். முறுக்கிய கயிறு வைத்துத் தைத்ததுபோல் ஓரம் உருண்டு நிற்கும், இடைவெளி எதுவும் இருக்காது. குழந்தைப் போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான கடைசிச் சுற்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் பிடித்தது சிப்பிபோல் விரியும் ஷெல். ஒரு சிங்கிள், இரண்டு கண் விட்டு அடுத்த கண்ணில் ஐந்து டபுள், மறுபடி இரண்டு கண் விட்டு ஒரு சிங்கிள். ஒரு ஷெல்லுக்கு ஆறு கண் ஆகிறது, எனவே முந்தைய சுற்றின் மொத்தக் கண்கள் ஆறால் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் கவலை வேண்டாம். கடைசிப் பக்கத்தில் ஒன்றிரண்டு இடங்களில் இரண்டு கண் விடுவதற்குப் பதில் ஒன்றோ மூன்றோ விட்டுச் சமாளித்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. கடைசி மூலைக்கு வந்தபிறகு எண்ணாமல், கடைசிப் பக்கம் தொடங்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். இதைவிடச் சுலபமாக வேண்டுமென்றால் சின்ன முனைபோல் நிற்கும் பிக்கோ: மூன்று சிங்கிள், பிறகு மூன்று செயின் போட்டு முதல் செயினிலேயே ஸ்லிப் ஸ்டிச் (கண்ணுக்குள் ஊசியை விட்டு, நூலை அந்தக் கண் வழியாகவும் ஊசியில் இருக்கும் வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது) போட்டு மூடுவது. எண்ணிக்கை சரியாக வராவிட்டாலும் தெரியாது. பேட்டர்ன் பார்த்துப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே என்பார்கள். நான் இங்கே எழுதியிருப்பது எல்லாம் அமெரிக்க முறை.

நூலைப் பொறுத்தவரை ஃப்ளீஸுக்கு அக்ரிலிக் நன்றாக ஒத்துப்போகும். இரண்டும் மெஷினில் துவைக்கலாம், சீக்கிரம் காயும், சுருங்காது. அதன் பலவீனம் சூடு. இஸ்திரிப் பெட்டி பட்டால் அக்ரிலிக் உருகித் தட்டையாகிவிடும், திரும்ப வராது. போர்வை போகிற இடத்தில் கொதிநீரில் துவைப்பார்கள் அல்லது அதிகச் சூடான டிரையரில் காயவைப்பார்கள் என்று தெரிந்தால் பருத்தி நூலும் பருத்தித் துணியுமே நல்லது. சாதாரணக் கம்பளி நூலை நன்கொடைக்குத் தவிர்த்துவிடுங்கள். வெந்நீரில் துவைத்தால் அது சுருங்கிக் கட்டிப்போகும், சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும், வாங்கிக்கொள்கிறவருக்கு அது கம்பளி என்று தெரிய வழியும் இல்லை. அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் பருத்தி நூல் என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.

நூல் முனைகளை ஒளிப்பதைப் பற்றிப் பலர் அலட்சியமாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம். முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கினால் அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். குறைந்தது 15 செ.மீ. முனை விடுங்கள். தையல் ஊசியில் கோத்து, முதல் சுற்றின் அடிப்பகுதி வழியாக ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி எதிர்த்திசையில், மறுபடி முதல் திசையில் என மூன்று முறை செலுத்துங்கள். திரும்பும்போது ஒரு கண்ணின் நூலைப் பிளந்துகொண்டு போனால் பிடிப்பு உறுதியாகும். புதிய நூல் சேர்ப்பதை மூலையில் வைக்காதீர்கள், குழந்தைகள் பிடித்து இழுப்பதும் வாயில் வைப்பதும் மூலையைத்தான்.

இது வெறும் நேர்த்தி பற்றிய விஷயம் இல்லை. தளர்ந்த நூல் கைக்குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைபடலாம், அந்த வயதில் குழந்தையால் சொல்லவும் முடியாது. ஆகவே கைக்குழந்தைக்குப் போகிற போர்வையில் செயின் வளையங்கள் தொங்குகிற லேஸ் ஓரம், குஞ்சம், மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட போர்வைகளில் பிக்கோவையும் தவிர்த்துவிடுவேன். ஷெல் போட்டால் நெருக்கமாகப் போடுங்கள். இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. மடியில் வைத்திருக்கும்போதும் தரையில் விரித்து விளையாட விடும்போதும் பயன்படுத்தத்தான் அந்தப் போர்வை என்று ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்தால் நல்லது. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் போகிறது என்றால் அளவு, நூல், ஓரம் எல்லாவற்றையும் அந்தப் பிரிவின் செவிலியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே என் அனுபவத்தைவிட அவர்கள் சொல்வதுதான் செல்லும்.

வாங்குகிற அமைப்பின் விதிகளையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ் போன்ற அமைப்புகள் புதிதாக, கையால் செய்த, துவைக்கக்கூடிய போர்வைகளை மட்டுமே ஏற்கின்றன. வேறு சில இடங்களில் சிகரெட் வாடை, வளர்ப்புப் பிராணியின் முடி இரண்டுக்கும் இடமில்லை. குத்தி வைத்த குண்டூசி ஒன்றுகூடத் தங்கிவிடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ளீஸ் அல்லாதவையும் கைக்கு வரலாம் என்பதால் சுருக்கமாக இரண்டு வார்த்தை. ஃபிளானல், பருத்தி போன்ற நெய்த துணிகள் பிசிறு விடும். முதலில் துவைத்துச் சுருங்க வைத்து, ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்துவிட்டு, அந்த மடிப்பின்மேல் போர்வைத் தையல் போடுங்கள். வெட்டும் பிளேடை இவற்றில் பயன்படுத்த வேண்டாம், இழைகளையே அறுத்துவிடும். பின்னிய போர்வைக்கு ஓரம் என்றால் துளைக் கவலை இல்லை, எண்ணிக்கைதான் கவலை. ஊசிப் பின்னலில் வழவழப்பான முகம் உள்ள போர்வையின் பக்கவாட்டில் நான்கு வரிசைக்கு மூன்று கண், இரண்டு முகமும் மேடாக இருக்கும் பின்னலில் ஒரு மேட்டுக்கு ஒரு கண். குரோஷே போர்வை என்றால் சிங்கிள் வரிசைக்கு ஒன்று, டபுள் வரிசைக்கு இரண்டு.

பலர் அனுப்பும் துண்டுகளை இணைத்துச் செய்யும் போர்வைக்குத்தான் ஓரம் உயிர் கொடுக்கிறது. 1991இல் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா இயக்கத்தில் 7 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் உள்ள துண்டுகளை வாங்கி, 49 துண்டுகளை ஒரு போர்வையாக இணைப்பார்கள். நாற்பது கைகள் போட்டது நாற்பது விதமாகத்தான் இருக்கும். அங்கே துண்டின் கண்களை எண்ணிப் பின்தொடராமல், ஒவ்வொரு துண்டின் பக்கத்துக்கும் இத்தனை கண் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லாத் துண்டிலும் அதே எண்ணிக்கையைப் போட்டு வந்தால் கோணல்கள் ஓரளவு அடங்கிப் போர்வை நேராக வரும்.

கையில் இருக்கும் நூல் போதுமா என்பதை ஊகிக்க வேண்டாம். நீங்கள் போடப்போகிற ஓரத்தை 10 செ.மீ.க்குப் போட்டு, பிரித்து, செலவான நூலை அளந்துகொள்ளுங்கள். 90 செ.மீ. சதுரத்துக்கு அதை 36ஆல் பெருக்கி, மூலைகளுக்கும் முனைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். போர்வைத் தையலுக்குத் தனியாக, ஓரத்தின் மொத்த நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல் வேண்டும். அதை ஒரே நீளமாகக் கோக்காமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். பற்றாக்குறை வரும் என்று கணக்கு காட்டினால், பக்கத்தின் நடுவில் நிறம் மாறும்படி விடாமல், கடைசிச் சுற்று முழுவதையும் வேறு நிறத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.